வாசகர் கேள்வி–பதில்: முற்றத்தில் நிற்கும் பழைய கரவன்

தருமபுரத்திலிருந்து ஒரு குடும்பம் தங்கள் பழைய கரவனைப் பற்றி எழுதிய நீண்ட கடிதத்தையடுத்து, அதே விடயத்தைக் குறித்து வன்னியின் வேறு ஊர்களிலிருந்தும் கேள்விகள் வந்து சேர்ந்தன. வான் போன்ற வாகனத்தின் பின்னால் இழுத்துச் சென்று, போகுமிடத்தில் குடும்பத்தோடு தங்குவதற்கென்று செய்யப்பட்ட இரண்டு சில்லு வண்டியைப் பற்றியே எல்லோரும் கேட்டிருப்பதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, வீதி வேலைக்கு வந்தவர்கள் கள அலுவலகமாகப் பாவித்துவிட்டு விற்ற 12 அடி நீளமான கரவன் ஒன்றை என் தமையனார் பழைய இரும்புக் கடையில் வாங்கி, எங்கள் வளவில் வேப்பமரத்தின் கீழ் கொண்டுவந்து விட்டிருக்கிறார். வெளித்தகடு நன்றாகத்தான் தெரிகிறது. உள்ளே பூஞ்சண மணம் அடிக்கிறது. கதவோரத்தில் கால் வைத்தால் தளம் அமுங்குகிறது. டிசம்பர் விடுமுறைக்குள் வர்ணம் பூசி முடித்துவிட வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?
– குடும்பத்தலைவர், தருமபுரம்

பதில்: வர்ணத்தைக் கடைசிக்கு விடுங்கள். உங்கள் கரவனுக்குள் தண்ணீர் போகிறது. அது எங்கே நுழைகிறது என்று கண்டுபிடித்து அடைக்கும்வரை வர்ணத்துக்கும் பலகைக்கும் மெத்தைக்கும் நீங்கள் செலவழிக்கும் காசு மாரியோடு போய்விடும்.

பழைய கரவனின் சுவர் வெறும் தகடு அல்ல. மெல்லிய மரச்சட்டங்களால் கூடொன்று அடித்து, அதன் வெளிப்புறத்தில் அலுமினியத் தகட்டையும், உட்புறத்தில் மெல்லிய பிளைவுட்டையும், இரண்டுக்கும் இடையில் வெப்பத்தைத் தடுக்கும் நுரைப்பலகையையும் வைத்து மூடியிருப்பார்கள். கூரைத் தகடும் பக்கத் தகடும் சந்திக்கும் விளிம்பு நெடுக அலுமினியப் பட்டி ஒன்று திருகாணிகளால் இறுக்கப்பட்டிருக்கும். அந்தப் பட்டியின் கீழ் வைத்த பசை நாட்பட்டுக் காய்ந்து வெடிக்கும்போது, திருகாணித் துளைகளினூடாக நீர் இறங்கிச் சட்டங்களை உள்ளிருந்தே உக்கச் செய்கிறது. வெளித்தகடோ கடைசிவரை எதுவும் நடவாததுபோலத்தான் இருக்கும். ஆகவே தளம் அமுங்கும் கதவோரத்தில்தான் ஓட்டை இருக்கிறது என்று முடிவு செய்துவிடாதீர்கள். கூரையின் எதிர் மூலையில் நுழைந்த நீர்கூடச் சட்டத்தின் வழியே வந்து அங்கே தேங்கலாம்.

வேலை தொடங்குமுன் பெரியவர் ஒருவர் டோர்ச் அடித்து, வண்டியின் கீழ்ப்புறத்தையும் இருக்கைகளுக்குக் கீழுள்ள பெட்டிகளையும் பார்க்கட்டும். பாம்பும் குளவிக்கூடும் ஒருபுறம் இருக்க, எங்கள் பிரதேசத்தில் பழைய இரும்போடு சேர்ந்து வெடிக்காத வெடிபொருளும் வந்துவிடக்கூடும் என்பதை மறக்க முடியாது. இன்னதென்று தெரியாத உலோகப் பொருள் ஏதும் கண்ணில் பட்டால், தொடாமலும் தட்டிப் பார்க்காமலும் பிள்ளைகளை அப்புறப்படுத்திவிட்டுப் பொலிஸுக்கு அறிவியுங்கள்.

அடுத்தது நீர்ச் சோதனை. எல்லோரும் செய்வதுபோலக் குழாயைப் பிடித்துக் கூரையில் நேரே பீய்ச்சினால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து ஒன்றுமே விளங்காது. கீழ் விளிம்பிலிருந்து தொடங்கி, ஒரு மட்டத்தில் சில நிமிடங்கள் மெதுவாக நீரை ஓடவிட்டு, பிறகு ஒரு சாண் உயரத்துக்குக் குழாயை ஏற்றி, அங்கும் பொறுத்திருந்து, இப்படியே ஜன்னல் மட்டம், பக்கவிளக்கு, காற்றுத் துவாரம், கூரைப் பட்டி என்று மேலே போக வேண்டும். உள்ளே டோர்ச்சுடன் இருப்பவர் முதல் துளியைக் கண்டதும் குரல் கொடுத்தால், அந்த நேரத்தில் வெளியே நனைந்துகொண்டிருந்த இடத்தில் சோக்கால் வட்டம் போட்டுவிடலாம். பிள்ளைகள் சலிக்காமல் செய்யக்கூடிய வேலை இது. காய்ந்த பிறகு, உட்சுவரின் மூலைகளையும் ஜன்னல்களின் கீழ்ப்புறத்தையும் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கும் இடத்தில் பிளைவுட்டைக் கழற்றி, உள்ளிருக்கும் சட்டத்தில் ஸ்குரூ ட்ரைவரின் நுனியைக் குத்துங்கள். நல்ல மரம் எதிர்க்கும். உக்கின மரத்தில் நுனி தானாக இறங்கிவிடும்.

உக்கின துண்டை மட்டும் வெட்டியெடுத்து, நல்ல மரம் தொடங்கும் இடத்தில் இரண்டு முனைகளையும் பாதிப் பாதியாகச் சீவி ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தி, நீர் புகாத பசையிட்டு இணைப்பதுதான் முறை. இங்கே ஒரு எச்சரிக்கை. எங்கள் ஊர்த் தச்சர்களிடம் கொடுத்தால், குறைவில்லாமல் செய்துவிட வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் பாலையும் முதிரையும் கொண்டுவந்து விடுவார்கள். பாலை தண்ணீரில் போட்டால் தாழும் மரம்; வீட்டு வளைக்கும் தீராந்திக்கும் அதைவிட நல்லது இல்லை, ஆனால் இழுத்துச் செல்லும் வண்டிக்கு அது ஆகாது. இறக்குமதிப் பெட்டிகளிலிருந்து கழற்றி விற்கப்படும் பைன் பலகையில் நேரான, முடிச்சில்லாத துண்டுகளைத் தெரிந்தெடுத்து, கறையான் எண்ணெய் பூசிக் காயவிட்டுப் பாவியுங்கள். உங்கள் வளவு வேம்பில் முன்பே அரிந்து நன்றாகக் காய்ந்த பலகை இருந்தால் அதுவும் உதவும். பச்சை மரம் வேண்டாம்.

பட்டிகளை மறுபடி பூட்டும்போது பழைய பசை முழுவதையும் டர்பன்டைன் தோய்த்த துணியால் துடைத்தெடுத்துவிட்டு, காய்ந்து இறுகாத ரப்பர்ப் பசைப் பட்டியான பியூட்டைல் நாடாவை வைத்துத் துருப்பிடிக்காத உருக்குத் திருகாணிகளால் இறுக்குங்கள். கடையில் சிலிக்கன் குழாயைத்தான் முதலில் நீட்டுவார்கள். குளியலறைக்கு அது நல்லது. ஆடி அசையும் வண்டியின் விளிம்பில் அது சீக்கிரம் விட்டுக்கொடுக்கும் என்பதோடு, ஒருமுறை சிலிக்கன் பூசிய இடத்தில் பிறகு வேறெந்தப் பசையும் வர்ணமும் பிடிக்காது. கூரைக்குத் தார் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். ஓட்டை எங்கே என்று இனி எவராலும் கண்டுபிடிக்க முடியாதபடி செய்வதற்கு அதைவிடச் சிறந்த வழி இல்லை. வெயிலையும் அது இழுத்து உள்ளே விடும். கூரைக்கு வெள்ளை வர்ணமே போதும்.

காலத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். டிசம்பரில் எங்களுக்கு அடைமழை. திறந்த சுவர் ஒரு நாளும் காயாது. மாரி முடிந்த பிறகு கழற்றி, சித்திரை வெயிலில் சட்டங்களைக் காயவைத்து, பட்டிகளை அடைத்து, ஓகஸ்ட் விடுமுறையில் வர்ணத்துக்குப் போகலாம். அப்போதும் சோளகக் காற்று எழுந்து கிரவல் வீதிப் புழுதியைக் கிளப்புமுன், காலையிலேயே பூசி முடித்துவிடுங்கள். இந்த மாரிக்கு, வண்டியைத் தறப்பாளால் மூடி, தறப்பாள் தகட்டில் ஒட்டாதபடி இடையில் சில தடிகளைக் கொடுத்துக் காற்றோட்டமாக வைத்திருங்கள்.

கேள்வி: எங்களிடம் லாண்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரம் இருக்கிறது. நெல் மூட்டை நிறைத்த பெட்டியையே இழுக்கிற இயந்திரத்துக்கு ஒரு கரவன் பாரமா? அதிலேயே கொளுவி வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்குப் போகலாம் என்று நினைக்கிறேன்.
– விவசாயி, மல்லாவி

பதில்: போகாதீர்கள். லாண்ட்மாஸ்டரை ஓட்டுபவர் இருப்பது பின்னால் கொளுவிய பெட்டியின் முன் ஆசனத்தில்தானே. கரவனில் நீங்கள் எங்கே இருப்பீர்கள்? பெட்டியின் பிரேக் மிதியும் அந்த ஆசனத்தடியில்தான் இருக்கிறது. கரவனின் பிரேக் வேறு விதமாக வேலை செய்வது: முன்னால் இழுக்கும் வாகனம் வேகம் குறையும்போது பின்னால் வரும் கரவன் அதை முட்டித் தள்ள, அந்தத் தள்ளலில் கொளுவியின் தண்டு உள்ளே போய், கீழே ஓடும் கம்பியை இழுத்துச் சில்லுகளைப் பிடிக்கும். முன்வாகனம் பாரமாகவும் உறுதியாகவும் நின்று கொடுத்தால்தான் இது நடக்கும்.

கொளுவியும் பொருந்தாது. பெட்டிக்கு ஊசி போட்டுக் கொளுவுகிறோம். ஐரோப்பியக் கரவன்களோ 50 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருக்குக் குண்டின்மேல் கவ்வி உட்காருபவை. அமெரிக்கக் குண்டு 2 அங்குலம், அதாவது 50.8 மில்லிமீற்றர், கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இறுகுகிறதே என்று அடித்து ஏற்றாதீர்கள். எதிர்மாறாக, 2 அங்குலக் கவ்வியை 50 மில்லிமீற்றர்க் குண்டில் வைத்தால் குலுங்கிக் கழன்றுவிடக்கூடும். கடைச்சற் பட்டறையில் குண்டு கடைந்து தரச் சொல்வதும் வேண்டாம். அளவும் தாங்கும் பாரமும் பொறித்த குண்டையே வாங்கி, வானின் பம்பரில் அல்லாமல் அடிச்சட்டத்தில் போல்ட் போட்டுப் பூட்டுவியுங்கள். நான்கு சில்லு உழவு இயந்திரத்தால் வளவுக்குள் நகர்த்துவதில் குற்றமில்லை.

பாரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கரவன்கள் வீதியில் புரள்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். வெறும் வண்டியையும், பிறகு சாமான் ஏற்றிய வண்டியையும், வாகனத் தராசு வைத்திருக்கும் நெல் ஆலையொன்றில் நிறுத்துப் பாருங்கள். வண்டியின் அடிச்சட்டத்திலோ கதவோரத்திலோ உள்ள தகட்டில் அது சுமக்கக்கூடிய மொத்தப் பாரம் எழுதப்பட்டிருக்கும்; அதைத் தாண்டக் கூடாது. ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோ என்பதால் 60 லீற்றர் தாங்கியை நிறைத்தால் வளர்ந்த ஆள் ஒருவரை ஏற்றியதற்குச் சமம். ஏற்றிய மொத்தப் பாரத்தில் 5 முதல் 7 சதவீதம் முன் கொளுவியில் இறங்க வேண்டும் என்பது பிரித்தானியப் பழக்கம். 800 கிலோ வண்டிக்கு அது 40 முதல் 56 கிலோ. சமதரையில் வண்டியை மட்டமாக நிறுத்தி, கொளுவியின் கீழ் ஒரு தடியை நட்டுக்குத்தாக வைத்து, அதை ஆள் நிறுக்கும் தராசின்மேல் இறக்கினால் கணக்குத் தெரிந்துவிடும். அரிசி மூட்டையையும் தண்ணீர்க் கானையும் பின்பக்கத்தில் அடுக்கினால் முன்பக்கம் தூக்கப்பட்டு, ஏ9 வீதியில் சொகுசு பஸ் ஒன்று பக்கத்தால் பறந்து போகும் காற்றிலேயே வண்டி வால் வீசத் தொடங்கும். அப்படி வீசினால் பிரேக்கை மிதிக்காமல், ஸ்டியரிங்கையும் வெட்டாமல், அக்சிலேட்டரை மட்டும் விட்டு மெதுவாக வேகத்தைக் குறைக்க வேண்டும். பாரமான சாமானெல்லாம் அச்சுக்கு மேலே, தளத்தோடு. மேல்தட்டுகளில் உடுப்பும் பாயும் மட்டும்.

கேள்வி: எனக்கு 8, 12, 15 வயதில் மூன்று பிள்ளைகள். எல்லோரும் சேர்ந்து செய்ய வேண்டும் என்பதற்காகவே ஒரு கரவனை வாங்கினோம். ஆனால் வேலை தொடங்கினால் கணவர் தனியே முறிகிறார். பிள்ளைகள் தொலைபேசியோடு இருக்கிறார்கள். மாமியார், "இந்தக் காசுக்கு ஒரு மாடு வாங்கியிருக்கலாம்" என்கிறார். எப்படிப் பங்கு போடுவது?
– இல்லத்தரசி, வவுனியா

பதில்: மாமியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது சகோதரி, மாடு பாலாவது தரும். என்றாலும் அவரையே முதல் ஆளாக வேலைக்குள் இழுங்கள். கூடார வண்டியில் பாயும் பானையும் அரிசியும் ஏற்றிக்கொண்டு வற்றாப்பளைக்கும் மடுவுக்கும் போய், நாட்கணக்கில் தங்கிச் சமைத்துச் சாப்பிட்டுத் திரும்பிய தலைமுறை அது. எது வேண்டும், எது வேண்டாம், எது அடியில் போக வேண்டும், எது கைக்கெட்ட இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். உள்ளமைப்பை வரையுமுன் வெறுந்தளத்தில் சோக்கால் கோடு போட்டு, அடுப்பும் படுக்கையும் எங்கே என்று அவரைக் கொண்டே தீர்மானியுங்கள். அவருக்குக் குனிய முடியாத உயரத்தில் பெட்டியை வைத்தால் பிறகு ஒவ்வொரு பயணத்திலும் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டி வரும்.

பிள்ளைகளுக்கு உதவியாளர் வேலை கொடுக்காமல், அவர்களே பொறுப்பாளிகளாக இருக்கும் வேலையைக் கொடுங்கள். "அந்தச் சாவியை எடுத்துத் தா" என்று நாள் முழுவதும் ஏவினால் எந்தப் பிள்ளையும் தொலைபேசிக்குத்தான் போகும். அந்தத் தொலைபேசியையே 15 வயதுப் பிள்ளை வேலைக்குப் பாவிக்கலாம்: ஒவ்வொரு பலகையையும் கழற்றுமுன் படம் பிடித்து, பலகையின் முதுகில் இலக்கமிட்டு, அது எந்தச் சுவரின் எந்த மூலை என்று கொப்பியில் எழுதி வைப்பது. கழற்றிய பழைய பலகை எவ்வளவு உக்கியிருந்தாலும் எறிய வேண்டாம். புதியதை வெட்டுவதற்கு அதுதான் அச்சு. விளக்குகளின் வயர் வேலையும் 12 வோல்ற்று என்பதால், பற்றரி கழற்றப்பட்டிருக்கும்போது பெரியவர் மேற்பார்வையில் அந்தப் பிள்ளை படிக்கக்கூடியது. 12 வயதுக்காரருக்குக் கணக்கும் தராசும்: வண்டிக்குள் ஏறும் ஒவ்வொரு பொருளையும் நிறுத்து எழுதி, மொத்தத்தைச் சொல்வது. புதிய மேசை 14 கிலோ என்று பிள்ளை வந்து அறிவிக்கும்போது அப்பாவுக்கும் யோசனை வரும். 8 வயதுப் பிள்ளைக்குக் கழுவுதல். ஜன்னல்கள் கண்ணாடியல்ல, அக்ரிலிக் என்பதால் சவர்க்கார நீரும் மென்மையான துணியும் மட்டும். தின்னரோ பெற்றோலோ பட்டால் அது நுண்ணிய வெடிப்புகள் விட்டுப் பாழாகும்.

ஜக்கில் நிற்கும் வண்டியின் கீழே பிள்ளைகள் எவரும் போகக் கூடாது. பெரியவர்களும் மரக்குற்றியோ உருக்குத் தாங்கியோ வைக்காமல் போகக் கூடாது. கிரைண்டர் வேலையும் வெல்டிங்கும் பட்டறைக்குரியவை. பழைய வர்ணத்தை உரசும்போது நீர் தோய்த்த அரத்தாளால் உரசினால் தூசு எழாது; முகக்கவசம் அப்போதும் வேண்டும். மெத்தை உறை, திரைச்சீலை, நுளம்பு வலை ஆகியவற்றைத் தையல் இயந்திரத்தில் கை பழகியவரிடம் விட்டுவிடலாம்.

கேள்வி: கடற்கரைக்கு அருகில் இருக்கிறோம். கரவனின் வலது சிக்னலைப் போட்டால் பின்விளக்குகள் எல்லாம் சேர்ந்து மங்கலாக மின்னுகின்றன. வயர்களின் நிறங்கள் எதற்கென்று தெரியவில்லை. கூரையில் சூரியத்தகடு ஒன்று வைத்து மின்விசிறி போடவும் விருப்பம்.
– இளைஞர், அலம்பில்

பதில்: விளக்குகள் சேர்ந்து மின்னுவது நிலத்தொடுப்பு, அதாவது எர்த், பழுதாகிவிட்டதன் அடையாளம். திரும்பிப் போக வழியில்லாத மின்னோட்டம் மற்ற விளக்குகளினூடாகப் போகப் பார்க்கிறது. பல்பையும் பிளக்கையும் மாற்றிக் காசைச் செலவழிக்குமுன், வெள்ளை வயர் அடிச்சட்டத்தில் திருகப்பட்டிருக்கும் இடத்தைத் தேடி, பச்சை பிடித்த முனையை வெட்டிப் புதுமுனை போட்டு, சட்டத்தின் துருவைச் சுரண்டிப் பளபளப்பாக்கி, இறுக்கிய பிறகு மேலே கிறீஸ் தடவுங்கள். ஏழு ஊசி கொண்ட பழைய ஐரோப்பியப் பிளக்கில் மஞ்சள் இடது சிக்னலுக்கும், பச்சை வலது சிக்னலுக்கும், வெள்ளை எர்த்துக்கும், சிவப்பு பிரேக் விளக்குக்கும், கறுப்பு இடது பின்விளக்குக்கும், மண்ணிறம் வலது பின்விளக்குக்கும், நீலம் பனிமூட்ட விளக்குக்கும் உரியவை. உங்களுக்கு முன் வைத்திருந்தவர் கையில் கிடைத்த வயரைக் கொண்டு ஒட்டுப்போட்டிருக்கக்கூடும். எனவே நிறத்தை நம்பிவிடாமல் சோதனை விளக்கால் ஒவ்வொன்றையும் பாருங்கள். உப்புக்காற்றுள்ள இடத்தில் அலுமினியத் தகட்டில் சாதாரண இரும்புத் திருகாணி போட்டால் தகடு அந்த இடத்தில் வெள்ளை மாவாகக் கரையும். துருப்பிடிக்காத திருகாணியைக்கூடப் பியூட்டைல் பசையில் தோய்த்தே இறக்க வேண்டும்.

சூரியத்தகட்டைக் கணக்குப் பார்த்து வாங்குங்கள். தலா 2 அம்பியர் இழுக்கும் இரண்டு சிறு விசிறிகள் இரவில் 8 மணி நேரம் ஓடினால் 32 அம்பியர்-மணி. விளக்குக்கும் தொலைபேசிகளுக்கும் இன்னொரு 10. மொத்தம் 42. ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால், 100 அம்பியர்-மணிப் பற்றரி ஒன்று இதற்குச் சரியாக இருக்கும். ஆனால் 100 வாற்றுத் தகடு எங்கள் வெயிலில் நல்ல நாளொன்றில் ஏறக்குறைய 30 அம்பியர்-மணிதான் திருப்பித் தரும். அதுவும் வண்டி வெயிலில் நின்றால். நீங்களோ நிழல் தேடித்தான் நிறுத்துவீர்கள். ஆகையால் தகட்டைக் கூரையில் பூட்டாமல், நீண்ட வயரோடு கழற்றி வெயிலில் சாய்த்து வைக்கக்கூடியதாக இரண்டு தகடுகள் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். பற்றரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள் பியூஸ் போடாமல் எந்த வயரையும் ஓடவிடாதீர்கள். வீட்டு மின்சாரத்தையும் உள்ளே எடுப்பதானால் மின்தொழில் தெரிந்தவரைக் கொண்டு 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சுடன் செய்வியுங்கள்.

கேள்வி: சமையல் பகுதிக்குக் கீழே தளத்தில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. எறும்பும் பூரானும் வருகிறதென்று மகன் பலகை அடித்து மூடிவிட்டான். காஸ் அடுப்பு உள்ளேயே வைக்கலாமா?
– குடும்பத்தலைவி, புதுக்குடியிருப்பு

பதில்: அந்தப் பலகைகளை இன்றே கழற்றச் சொல்லுங்கள் அம்மா. சமையல் எரிவாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலெழுந்து ஜன்னலால் போகாது, தளத்தில் தேங்கி நிற்கும். அது வெளியேறுவதற்காகவே செய்தவர்கள் அந்தத் துவாரங்களை விட்டிருக்கிறார்கள். பூச்சிக்கு நுண்ணிய கம்பிவலை அடித்து, புழுதி அடைக்காமல் அடிக்கடி துடைத்துவிட்டால் போதும்.

12.5 கிலோ சிலிண்டர் கரவனுக்குப் பெரிது. 5 கிலோ அல்லது 2.3 கிலோ சிலிண்டரை, வெளியே மட்டும் திறக்கும், அடியில் துவாரமுள்ள பெட்டிக்குள் நிமிர்த்திக் கட்டி வைக்க வேண்டும். ஓடும்போது சிலிண்டரின் வால்வு மூடியிருக்க வேண்டும். பழைய ரப்பர்க் குழாயை நம்பாமல் புதிதாக மாற்றி, இணைப்புகளில் சவர்க்கார நுரை பூசிக் குமிழி எழுகிறதா என்று பாருங்கள். நெருப்புக்குச்சி கொளுத்திப் பார்க்கும் வழக்கம் இன்னும் எங்கள் ஆட்களிடம் இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. என்னைக் கேட்டால், எங்கள் வெக்கைக்கு அடுப்பே உள்ளே வேண்டாம். கதவோரத்தில் மடித்து விரிக்கும் தட்டொன்று பூட்டி, வெளியே தறப்பாள் நிழலில் சமைப்பதுதான் எல்லோருக்கும் சுகம். மழையென்று அடுப்பை உள்ளே எடுத்து, கதவைச் சாத்திவிட்டு எரியவிட்டுத் தூங்குவது உயிருக்கே ஆபத்து. அடைத்த இடத்தில் அடுப்பு எரியும்போது சேரும் நச்சுவாயுவான காபன் ஓரொட்சைட்டுக்கு மணமே கிடையாது.

கேள்வி: இன்னும் வாங்கவில்லை. பார்க்கப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்? பத்திரம் தேவையா?
– ஆசிரியர், ஒட்டுசுட்டான்

பதில்: உட்புற அலங்காரத்தைப் பார்க்காமல் கீழே குனிந்து அடிச்சட்டத்தைப் பாருங்கள். மேற்கூட்டை எப்படியும் திருத்தலாம். சட்டம் வளைந்திருந்தாலோ உள்ளிருந்து துருத் தின்றிருந்தாலோ விட்டுவிட்டு வாருங்கள். கதவு எந்தப் பக்கம் என்பது பலர் யோசியாத விடயம்: பிரித்தானியாவில் விற்கச் செய்தவற்றில் கதவு இடப்பக்கம் இருப்பதால் எங்கள் வீதிகளில் ஓரத்துக்கே இறங்கலாம், ஐரோப்பியப் பெருநிலத்துக்குச் செய்தவற்றில் கதவு வலப்பக்கம், அதாவது வாகனங்கள் ஓடும் பக்கம் திறக்கும். ரயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. பூ தேயாமல் அப்படியே இருந்தாலும் 7 வருடம் தாண்டிய ரயர் நின்ற நிலையிலேயே வெடிப்பு விட்டிருக்கக்கூடும். விலையில் அதைக் கழித்துப் பேசுங்கள்.

பத்திரம் கட்டாயம். இழுத்துச் செல்லும் வண்டி தனி வாகனமாக மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்பட்டு, பிரதேச செயலகத்தில் வருடாந்த வரிப்பத்திரம் எடுக்கப்பட வேண்டும். பதிவுப் புத்தகத்திலுள்ள அடிச்சட்ட இலக்கமும் வண்டியிலுள்ளதும் ஒன்றா என்று முற்பணம் கொடுக்குமுன் ஒப்பிடுங்கள். பத்திரமே இல்லாத வண்டியைப் பத்திரமில்லாத விலைக்கு வாங்கி, வளவில் நிறுத்திப் பிள்ளைகளின் படிப்பறையாகவோ வெளிநாட்டிலிருந்து வரும் உறவினருக்குப் படுக்கையறையாகவோ வைத்துக்கொள்வது வேறு விடயம். அதற்கும் நீர்க்கசிவை அடைக்கும் வேலை ஒன்றுதான்.

கேள்வி: எங்கள் வண்டி முடிந்துவிட்டது. ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்கு முதன்முதலாகக் கொண்டுபோகலாமா?
– வாசகர், முழங்காவில்

பதில்: மடுவுக்குப் போகலாம், ஆனால் அதுவே முதற்பயணமாக இருக்க வேண்டாம். கூடாரமடித்துத் தங்கும் யாத்திரிகர்களால் நிறைந்த வளவில், பின்னால் எடுக்கப் பழகாத வண்டியோடு போய் நிற்பது உங்களுக்கும் சங்கடம், சுற்றியிருப்பவர்களுக்கும் சங்கடம். அறுவடை முடிந்த வெறும் வயலொன்றில் நான்கு தடிகளை நட்டு, அவற்றுக்கிடையே பின்னால் எடுத்துப் பழகுங்கள். கரவனின் பின்பக்கம் இடப்பக்கம் போக வேண்டுமானால் ஸ்டியரிங்கை முதலில் வலப்பக்கம் திருப்ப வேண்டும் என்பது கைக்குப் படிய நேரமெடுக்கும்.

பிறகு பகலில் போய்ப் பகலில் திரும்பும் தூரத்துக்கு ஒரு பயணம். இரவு தங்குவதானால் தெரிந்தவர்களின் வளவிலோ கோயில் வளவிலோ அனுமதி கேட்டுத் தங்குங்கள். குளக்கட்டும் காட்டோரமும் பார்க்க அழகுதான், ஆனால் அவை யானை இறங்கும் வழிகள். அரிசியும் உப்பும் உள்ளே இருக்கும் மெல்லிய தகட்டுக்கூடு யானைக்கு ஒரு தடையே அல்ல. கண்ணிவெடி எச்சரிக்கையான மண்டையோட்டு அடையாளப் பலகை நிற்கும் காணிக்குள், நிழல் எவ்வளவு நன்றாக இருந்தாலும், வண்டியை ஒதுக்காதீர்கள். ஓகஸ்டில் தென்னையின் கீழும் வேண்டாம். சோளகத்துக்குத் தேங்காயும் மட்டையும் விழும்.

புதிதாகப் பூட்டிய சில்லுகளின் நட்டுகள் முதல் 50 கிலோமீற்றருக்குள் தளரக்கூடும். ஆதலால் ஏ9 வழியாகப் போனால் முறிகண்டியில் எல்லோரும் இறங்கித் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கும் நேரத்தில், நட்டுகளைச் சாவி போட்டு மறுபடி இறுக்கி, இரண்டு சில்லுகளின் நடுக்குடத்திலும் புறங்கையை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு. ஒன்று மட்டும் கையை வைக்க முடியாதபடி சுட்டால் பெயரிங் இறுகியிருக்கிறது அல்லது பிரேக் உரசிக்கொண்டிருக்கிறது. அதோடு மேலே ஓடாமல், அருகில் ஒரு கராஜிலிருந்து ஆள் கூப்பிட்டுச் சில்லைக் கழற்றிப் பார்ப்பித்த பிறகே கிளம்புங்கள்.